கமாகுராவுக்கு நண்பனைக் கூட்டிப் போனேன், அங்கே ஜே.ஆர். நிற்கிறார்

கிணற்றுத்தவளை (யோகோஹாமா), ஞாயிறு இரவு 10:15

பதினோரு வருஷமாக இங்கே ஜப்பானில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான்தான் கைடு. அம்மா அப்பா, மச்சினி குடும்பம், ஆபீஸ் மேனேஜர், அவருடைய மாமியார் என்று ஆறு தடவை கமாகுரா போயாகிவிட்டது. எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது படிக்கட்டு பக்கத்தில் இருக்கும் என்பதுவரை மனப்பாடம். நேற்று ஏழாவது தடவை.

வந்தவன் திருச்சியில் காலேஜ் படிக்கும்போது என்னுடைய ரூம்மேட். அவன் குடும்பம் 83 கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையை விட்டுக் கிளம்பியது. கப்பலில் காங்கேசன்துறை, கொஞ்ச நாள் கழித்துப் படகில் இராமேஸ்வரம், கடைசியில் திருச்சியில் ஒரு வாடகை வீடு. இவன் பிறந்ததே திருச்சியில்தான். எங்களோடு பேசினால் அசல் திருச்சிக்காரன். வீட்டுக்குள் காலை வைத்தால் ‘என்னெண்டு’, ‘வாங்கோ’. இப்போது கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறான். வேலை விஷயமாக டோக்கியோ வந்தவன், சனிக்கிழமை மட்டும்தான்டா காலி என்றான். ஒரு நாள்தான் என்றால் எனக்குக் கமாகுராதான். யோகோஹாமாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது.

காலையில் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே, கிதா-கமாகுராவில் இறங்கினோம். என்காகுஜி கோயில் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது, தண்டவாளமே கோயில் நிலத்தை வெட்டிக்கொண்டுதான் போகிறது. மங்கோலியப் படை 1274-லும் 1281-லும் வந்து தோற்றுப் போனதல்லவா, அந்தப் போர்களில் செத்தவர்களுக்காக 1282-ல் எழுப்பிய கோயில். ஜப்பான் பக்கம் செத்தவர்களுக்கு மட்டுமல்ல, மங்கோலியர் பக்கம் செத்தவர்களுக்கும் சேர்த்து. இதை நான் ஆறு பேரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் ‘ஓ’ என்று தலையாட்டிவிட்டு போட்டோ எடுத்தார்கள். இவன் மட்டும் நின்று, “எதிரிக்கும் சேர்த்தா?” என்று கேட்டான். ஆமாம்டா என்றேன். பத்து நிமிஷம் கழித்து, படியேறிக்கொண்டே, “நிஜமாவா?” என்று மறுபடியும் கேட்டான்.

அப்புறம் ஹாச்சிமான் கோயில், கொமாச்சித் தெருக் கூட்டம். எனோடென் ரயில் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒற்றைத் தண்டவாளம், மொத்தமே பத்து கிலோமீட்டர், வீடுகளின் கொல்லைப்பக்கத்தை உரசிக்கொண்டு போகும். ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் யார் வீட்டுத் துணியையாவது எடுத்துவிடலாம் போல இருக்கும்.

ஹாசே ஸ்டேஷனில் இறங்கிப் பெரிய புத்தரிடம் போனோம். வெண்கலம், பீடத்தை விட்டுவிட்டால் 11 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், 121 டன். 1252-ல் வார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் மண்டபத்துக்குள் இருந்தவர்தான், புயலும் கடலும் மண்டபத்தைக் கொண்டுபோன பிறகு ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கிறார். சில்லறை கொடுத்தால் அவர் வயிற்றுக்குள்ளேயும் போகலாம். உள்ளே இருட்டில் வார்ப்பின் ஒட்டுகள் அடுக்கடுக்காகத் தெரியும். அவன் ஒவ்வொரு ஒட்டையும் தடவிப் பார்த்தான், நான் வெளியே வந்து எதிர்க் கடையில் ஊதா சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஐஸ்கிரீம் வாங்கப் போனேன். இரண்டு கையிலும் கோனோடு திரும்பி வந்தால் ஆளைக் காணோம்.

ஓரமாக ஒரு கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

“மச்சான், இஞ்ச வா.”

இவன் என்னிடம் ‘இஞ்ச’ என்று சொல்லிக் கேட்டதே இல்லை. கல்லில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் பெயர். 83-ல் இலங்கை ஜனாதிபதியாக இருந்த அதே ஜே.ஆர். ஜப்பான் மொழியில் இருந்ததை வாசிக்கச் சொன்னான். திக்கித் திக்கி வாசித்தேன். மனிதன் அன்பால்தான் வெறுப்பைக் கடக்க முடியும், வெறுப்பால் வெறுப்பைக் கடக்க முடியாது. தம்மபதத்து வரி. 1951-ல் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் போட்ட சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், அப்போது இலங்கையின் நிதி அமைச்சராக இருந்த ஜே.ஆர்., ஜப்பானை இனிமேலும் தண்டிக்க வேண்டாம், எங்களுக்கு நஷ்டஈடும் வேண்டாம் என்று பேசியபோது சொன்னது. அந்த நன்றிக்கு 1991-ல் இந்தக் கல்லை நட்டிருக்கிறார்கள்.

ஆறு தடவை வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட இந்தக் கல் கண்ணில் படவில்லை.

அவன் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னான். போனை எடுத்துப் பெயரை மட்டும் பெரிதாக்கி ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். ஐஸ்கிரீம் உருகி என் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் போய்க்கொண்டிருந்தது, துடைக்கலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. டொராண்டோவில் அப்போது நடு இரவு. அம்மா தூங்கியிருக்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது.

“ஆரடா இந்தக் கல்லை வைச்சது?”

அதற்கு அவன் என்ன எழுதினான் என்று நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்தது வந்தது. “சாப்பிட்டனியே?”

சாப்பிடவில்லை. யுய்கஹாமா கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தோம். பருந்து ஜாக்கிரதை என்று பெரிய போர்டு இருக்கிறது, படம்கூடப் போட்டிருக்கிறார்கள். ஆறு தடவை வந்த கைடு அதை இவனுக்குச் சொல்லவில்லை. பின்னாலிருந்து வந்தது. சத்தமே இல்லை, காதுக்குப் பக்கத்தில் காற்று மட்டும். என் கையில் வெறும் பிளாஸ்டிக் உறை. வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டே செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இவன் மணலில் புரண்டு புரண்டு சிரிக்கிறான். “வெறுப்பை அன்பால கடக்கணும் மச்சான், கல்லுல போட்டிருக்கு!”

நாள் நன்றாகத்தான் முடிந்தது. எனோஷிமா பாலத்தில் நின்று ஃபுஜி மலைக்குப் பக்கத்தில் சூரியன் இறங்குவதைப் பார்த்தோம். ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. கூட்டிப் போகும் முன்னால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்திருந்தால் அங்கே கூட்டிப் போயிருக்க வேண்டுமா? உங்களில் யாராவது அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறீர்களா?

ஒசாகா மாமி, ஞாயிறு இரவு 11:02

இரண்டு முறை போயிருக்கிறேன் தம்பி, பார்த்ததில்லை. நான் தேடினது சாப்பாட்டை. முட்டை மீன் இல்லாமல் அந்த ஊரில் ஏதாவது கிடைக்குமா? எங்கே திரும்பினாலும் சிராசு சோறு, சிராசு பிஸ்கட், சிராசு பீட்சா. அடுத்த மாதம் என் அக்கா வருகிறாள், வெங்காயமே தொடமாட்டாள்.

கிணற்றுத்தவளை, ஞாயிறு இரவு 11:20

மாமி, சிராசு என்பது நம்ம நெத்திலிக் குஞ்சு மாதிரி, அந்தக் கடற்கரையின் பெருமையே அதுதான். நண்பன் இரண்டு கிண்ணம் காலி பண்ணினான், “நெத்தலிச் சொதி வைச்சா இன்னும் நல்லா இருக்கும்” என்றான். அக்காவுக்கு கென்ச்சின்ஜிரு கேட்டுப் பாருங்கள். முள்ளங்கி, கேரட், சேப்பங்கிழங்கு, டோஃபு எல்லாம் போட்ட சூப். கென்ச்சோஜி என்ற கோயிலின் பெயரால் வந்தது என்பார்கள், துறவிகள் சாப்பாடு. ஆனால் கடையில் உஷாராக இருக்க வேண்டும், நிறையப் பேர் மீன் கொதித்த தாஷித் தண்ணீரில்தான் செய்கிறார்கள். ‘கடல்பாசி தாஷியா?’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

பனங்கிழங்கு (மார்க்கம்), திங்கள் காலை 6:48

தம்பி, நான் 95-ல வலிகாமம் இடப்பெயர்வோட வெளிக்கிட்டனான். உங்கட நண்பருக்கு என்ன நடந்திருக்கும் எண்டு எனக்கு விளங்குது. 81-ல யாழ் நூலகம் எரிஞ்சது. 97 ஆயிரம் புத்தகம் எண்டு சொல்லுவினம். 83 நடந்தது. ரெண்டு தரமும் ஜனாதிபதிக் கதிரையில இருந்தவர் அவர்தான். 83 ஜூலை கலவரத்துக்குக் கொஞ்ச நாள் முன்னம் ஒரு லண்டன் பேப்பருக்குக் குடுத்த பேட்டியில யாழ்ப்பாணச் சனத்தின்ர அபிப்பிராயத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை எண்டவர். அந்த ஆள் வெறுப்பைப் பற்றிச் சொன்ன வரியைக் கல்லில வெட்டி வைச்சிருக்கிறாங்கள், அதுவும் புத்தருக்குப் பக்கத்தில.

நீங்கள் முன்னமே சொல்லியிருந்தா அவர் வந்திருக்க மாட்டார். சொல்லாதது நல்லதெண்டுதான் நினைக்கிறன். தானாக் கண்டது வேற, ஆரும் கொண்டுபோய்க் காட்டினது வேற.

எனக்குக் கல்லை விட மற்றக் கோயில்தான் மனசில நிக்குது. எதிரிக்கும் சேர்த்து எண்டு கேட்டவரல்லோ, நானும் அதைத்தான் கேட்டிருப்பன். எங்கட போராளியளைப் புதைச்ச துயிலும் இல்லங்களை 2009-க்குப் பிறகு புல்டோசர் விட்டு மட்டமாக்கினவங்கள். தாய்மார் விளக்கு வைக்கக் கல்லுக்கூட இல்லை.

எதிர்க்காற்று (டோக்கியோ), திங்கள் காலை 8:05

கமாகுராவில் இருந்துகொண்டு ஜே.ஆரைப் பற்றிப் பேசுவானேன்? ஜென் மதமே தமிழன் கொடுத்தது. காஞ்சிப் பல்லவ இளவரசர் போதிதர்மர் போகாவிட்டால் அங்கே ஒரு கோயிலும் இல்லை. நண்பரிடம் அதைச் சொல்லியிருந்தால் பெருமையோடு ஊர் திரும்பியிருப்பார்.

மண்குதிரை (நாகோயா), திங்கள் காலை 8:31

வந்துவிட்டார். போதிதர்மர் ஜப்பானுக்கு வந்ததாக வரலாறு இல்லை. அவர் போனது சீனா. சீனப் பழைய குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசன் மகன் என்கிறது. காஞ்சி, பல்லவர் எல்லாம் பிற்காலத்தில் சேர்ந்தவை. தென்னிந்தியாவிலிருந்து ஜப்பானுக்கே வந்தவர் வேண்டுமென்றால் போதிசேனர் இருக்கிறார். 752-ல் நாராவின் பெரிய புத்தருக்குக் கண் திறந்துவைத்தவர். அவரைப் பற்றித் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். இங்கே ஒருவர் தன் நண்பனைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சுய்க்கா கார்டு (கவாசாகி), திங்கள் காலை 8:40

இரண்டு பேரும் இழையைக் கடத்திக்கொண்டு போகாமல் இருந்தால் சரி. பருந்துக் கதைக்கு ஒரு கூடுதல் தகவல்: அது கள்ளப் பருந்து. ஜோடியாக உட்கார்ந்து எதிரெதிரே பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவர்களிடம் கொஞ்சம் தயங்கும் என்பது என் அனுபவம். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. என் கையில் இன்னும் நகத் தழும்பு இருக்கிறது, போனது ஒரு வடை. ஊரிலிருந்து வந்த வடை.

தேயிலைத்தூள் (சைதாமா), திங்கள் மதியம் 12:55

எனக்கு ஊர் கோத்தகிரி. தாத்தா நுவரெலியா பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்குள்ளேயே போய்ச் சேர்ந்த குடும்பம்.

எல்லோரும் 83 என்கிறீர்கள். சரிதான். ஆனால் அந்தக் கல்லில் இருக்கிற பேச்சு 1951-ல் பேசியது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1948-ல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் ஒரே சட்டத்தில் நாடில்லாதவர்கள் ஆனார்கள். அந்த அமைச்சரவையில் நிதி அமைச்சர் யார்? இதே ஜே.ஆர்.தான். அதாவது நல்ல மனுஷனாக இருந்து பின்னால் மாறிவிட்டார் என்கிற கதையெல்லாம் எங்களுக்குச் செல்லாது. கொழும்பிலும் திருகோணமலையிலும் 1942-ல் குண்டு போட்ட ஜப்பானை மன்னிக்க அவருக்கு மனசு இருந்தது. பக்கத்து மலையில் அவர் குடிக்கிற டீக்கு இலை பறித்தவர்களுக்கு ஒரு ஓட்டுச்சீட்டு கொடுக்கத்தான் மனசு இல்லை.

தாத்தா கடைசிவரை தன்னை ‘கண்டிச்சீமைக்காரன்’ என்றுதான் சொல்லிக்கொண்டார். இந்தியா அவருக்கு ஊராகவே ஆகவில்லை.

மண்குதிரை, திங்கள் மதியம் 1:20

இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

ஜப்பானியர் பக்கத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு இல்லை. 1951-ல் அவர்கள் நாடு சாம்பலாகக் கிடந்தது, ஒரு சின்ன ஆசிய நாட்டிலிருந்து வந்த ஒருவர் எழுந்து அவர்களுக்காகப் பேசினார். அதை நினைத்துக் கல் வைத்ததில் தப்பில்லை. இந்தியாவும்தான் 1952-ல் தனி ஒப்பந்தம் போட்டு நஷ்டஈடு வேண்டாம் என்றது, அதற்கு இப்படி ஒரு கல்லை நான் கண்டதில்லை. ஆனால் ராதாபினோத் பாலுக்கு டோக்கியோவில், போரில் செத்தவர்களுக்கான யாசுகுனி கோயிலில் ஒரு கல் இருக்கிறது. டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் எல்லோரையும் குற்றமற்றவர்கள் என்று தனித் தீர்ப்பு எழுதிய வங்காள நீதிபதி. 2005-ல் வைத்தார்கள். தனக்கு நல்லது செய்தவனுக்குத்தான் கல் வைப்பார்கள், அவன் வேறு யாருக்கு என்ன செய்தான் என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நம் ஊர்ச் சிலைகளும் அப்படித்தானே.

பனங்கிழங்கு, திங்கள் மாலை 7:10

மண்குதிரை சொல்லுறது விளங்குது. ஜப்பான் சனத்தில எனக்கொரு கோவமும் இல்லை. ஆனா ‘வேற யாருக்கு என்ன செய்தான்’ எண்டதில அந்த வேற ஆக்கள் நாங்கள். அதை லேசா எழுதிப் போட்டு அடுத்த வரிக்குப் போகேலாது.

மண்குதிரை, திங்கள் மாலை 7:32

அக்கா, சரி. அந்த வரியை நான் அப்படிப் போகிற போக்கில் எழுதியிருக்கக் கூடாது.

எதிர்க்காற்று, திங்கள் இரவு 8:15

பேசாமல் அந்தக் கல்லை எடுக்கச் சொல்லி மனு போடலாமே. நான் ஜப்பான் மொழியில் எழுதித் தருகிறேன்.

தேயிலைத்தூள், திங்கள் இரவு 8:44

எடுக்க வேண்டாம். இருக்கட்டும். அதில் எழுதியிருப்பதை அவருக்கே திருப்பி வாசித்துக் காட்டலாம்.

கிணற்றுத்தவளை, செவ்வாய் இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. தேயிலைத்தூள் எழுதியதை அப்படியே நண்பனுக்கு அனுப்பினேன். அவன் நேற்றுத்தான் ஊர் போய்ச் சேர்ந்தான். 1948 விஷயம் அவனுக்கே தெரியவில்லையாம். “எங்க வீட்டுல மலையகத்தைப் பத்திப் பேசினதே இல்லடா, அம்மாகிட்ட கேக்கணும்” என்றான். கேட்டிருக்கிறான். வெள்ளவத்தை வீட்டில் வேலைக்கு இருந்த பெண் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையாம். 83-ல் வீட்டுக்குத் தீ வைத்த அன்று அவளும் இவர்களோடு ஓடியிருக்கிறாள். முகாம் வரைக்கும் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். கப்பல் ஏறும்போது இவர்களுக்குப் போக யாழ்ப்பாணம் இருந்தது. அவள் எங்கே போனாள் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷமாக இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்கவில்லை என்றான். அந்தப் பெண்ணின் பெயர் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது, அவன் சொன்னான், நான் இங்கே போடவில்லை.

தேயிலைத்தூள், செவ்வாய் இரவு 10:05

பண்டாரவளையில் எந்தத் தோட்டம் என்று கேட்க முடியுமா? அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். கிடைப்பார் என்று சொல்லவில்லை. என் பெரியம்மா எல்லோரையும் தெரிந்து வைத்திருப்பாள், கேட்டுப் பார்க்கிறேன்.

கிணற்றுத்தவளை, செவ்வாய் இரவு 10:12

கேட்டுவிட்டுத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

ஒசாகா மாமி, புதன் காலை 7:25

இரண்டு நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அக்காவோடு போகும்போது அந்தக் கல்லையும் பார்த்துவிட்டு வருகிறோம். உள்ளே போனதும் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லு தம்பி. சாண்ட்விச் எடுத்துப் போகலாமா, வேண்டாமா?

கிணற்றுத்தவளை, புதன் காலை 7:50

எந்தப் பக்கம் என்று சொல்ல எனக்கே சரியாக ஞாபகம் இல்லை மாமி. நான் அவன் முதுகைப் பார்த்துத்தான் போனேன். சாண்ட்விச் எடுத்துப் போங்கள், ஆனால் ரயிலுக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள்.